சிவப்பு உறையா, காலை உணவா, நடையா: கிறிஸ்டியன் எய்ட் வாரத்துக்கு எங்கள் சபை எதைத் தேர்வது?

எங்கள் ஆலயக் கவுன்சிலின் ஜனவரிக் கூட்டத்தில் "மே மாதம், கிறிஸ்டியன் எய்ட் வாரம்" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். "வழக்கம்போலவே" என்று யாராவது சொல்ல, இரண்டு நிமிடத்தில் அடுத்த பொருளுக்குப் போய்விடுவோம். இந்த ஜனவரியில் அப்படிப் போக முடியவில்லை. வீடுவீடாக நன்கொடை வாங்கும் சிவப்பு உறைகளைத் தெருத்தெருவாகப் பிரித்து, எந்தத் தெருவுக்கு யார் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, பல வருடமாக இந்த வேலையைத் தோளில் சுமந்த மூதாட்டி ஒருவர், முழங்கால் இனித் தாங்காது என்று அந்த நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டார்.

உடனே ஆளுக்கொரு யோசனை. வீட்டு வாசலில் போய் நிற்கிற காலம் முடிந்துவிட்டது, காலை உணவு ஒன்றே போதும் என்றார் ஒருவர். இப்போது எல்லாமே போனில்தானே, இணைப்பை அனுப்பிவிடுவோம் என்றார் இன்னொருவர். இளைஞர் குழுவின் பிரதிநிதி நடைப்பயணம் வைக்கலாம் என்றாள். பொருளாளர், "ஒரு ஞாயிற்றுக் காணிக்கையை அப்படியே கொடுத்துவிடுவோம், எல்லோருக்கும் நிம்மதி" என்றார். கடைசியில் குருவானவர் என் பக்கம் திரும்பி, அடுத்த கூட்டத்துக்குள் எல்லா வழிகளையும் ஒப்பிட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார். இங்கிலாந்தின் ஆலயக் கவுன்சில்களில் இருக்கும் தமிழர்களும், ஆங்கிலச் சபையின் கட்டடத்தில் மாலை ஆராதனை நடத்தும் தமிழ்ச் சபையாரும் இதே கேள்வியில் நிற்பார்கள் என்பதால், அந்தக் குறிப்பைத் தமிழில் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் இந்த வாரத்தின் கதை. கிறிஸ்டியன் எய்ட் 1945-ல் பிரிட்டன், அயர்லாந்து திருச்சபைகள் சேர்ந்து தொடங்கிய பணி. போரில் வீடிழந்த ஐரோப்பிய அகதிகளுக்கு உதவுவதுதான் அன்றைய நோக்கம். 1957-ல், அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜேனட் லேசி என்ற பெண்மணியின் முயற்சியில், வருடத்தில் ஒரு வாரம் நாடெங்கும் பணம் திரட்டும் வழக்கம் பிறந்தது. முதல் வாரத்தில் 26,000 பவுண்டு சேர்ந்தது. வாரத்தின் பெயர் மக்கள் வாயில் அவ்வளவு ஊறிவிட்டதால் 1964-ல் அமைப்பே அந்தப் பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொண்டது. மதம் பார்க்காமல், அந்தந்த நாட்டு உள்ளூர் அமைப்புகள் வழியாக உதவுவது அவர்கள் முறை. ஒவ்வொரு மே மாதமும் ஏதாவது ஒரு நாட்டு மக்களின் வாழ்க்கையை முன்னால் வைப்பார்கள்: 2022-ல் ஜிம்பாப்வே, 2023-ல் மலாவி, 2024-ல் புருண்டி, 2025-ல் குவாத்தமாலா.

பிடியரிசியும் ஏலமும்

நான் வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரம் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) ஒன்றில். அம்மா சோற்றுக்கு அரிசி களையுமுன் ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவாள். அது ஆலயத்துக்குப் போகும் அரிசி. எவ்வளவு இல்லாத வீட்டிலும் அந்தப் பானை இருந்தது. அதே ஊரில் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தால் ஏலம் நடக்கும். ஒரு சேவல், ஒரு வாழைத்தார், யார் வீட்டுத் தோட்டத்திலோ காய்த்த முதல் பூசணி. வசதியுள்ள நாலைந்து பேர் விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒரு பூசணிக்காயில் வெள்ளையடிக்கிற செலவு வந்துவிடும்.

பிடியரிசியில் தொகை சிறிது, கை அதிகம். ஏலத்தில் தொகை பெரிது, கை குறைவு. கிறிஸ்டியன் எய்ட் வாரத்துக்காக எங்கள் மேஜைக்கு வந்த யோசனைகளை எல்லாம் இந்த இரண்டு குவியலாகப் பிரித்துவிட முடிந்தது. பிரித்துப் பார்த்தபோதுதான் நான் கேட்க வேண்டிய கேள்வி தெரிந்தது. எந்த வழியில் எவ்வளவு வரும் என்பது இரண்டாவது கேள்வி. வருகிற பணம் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. ஞாயிறுதோறும் வருகிற அதே குடும்பங்கள் காலை உணவுக்கும் கொடுத்து, நடப்பவருக்கும் கொடுத்து, உறையிலும் போட்டு, காணிக்கைப் பையிலும் போட்டால், நாம் நான்கு நிகழ்ச்சி நடத்தியதாகச் சொல்லிக்கொள்ளலாம். கை விட்டது ஒரே மடிக்குள்தான்.

கதவைத் தட்டுவது

பழைய முறை இது. சிவப்பு உறையையும் ஒரு துண்டுத்தாளையும் வீட்டுக் கதவின் தபால் துளையில் போட்டுவிட்டு வர வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து அதே வீட்டுக்குத் திரும்பிப் போய் மணியடித்து, ஒட்டிய உறையை வாங்கிக்கொள்ள வேண்டும். உறைகள், துண்டுத்தாள்கள், அடையாள அட்டைகள் எல்லாவற்றையும் கிறிஸ்டியன் எய்ட் அனுப்பிவைக்கும். சபைக்குச் செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை.

கவுன்சிலில் பலருக்கு இருந்த பயம் சட்டத்தைப் பற்றியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடுவீடாகப் பணம் திரட்ட 1939-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் நாடு முழுவதும் திரட்டும் பெரிய தொண்டு அமைப்புகள் சிலவற்றுக்கு அரசு பொது விலக்கு தந்திருக்கிறது. கிறிஸ்டியன் எய்டும் அதில் ஒன்று. ஆகையால் நாங்கள் தனியாக எந்த அலுவலகப் படியும் ஏற வேண்டியதில்லை. வசூலுக்குப் போகிறவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். அழைக்காமல் வருகிறவர்கள் மணியடிக்க வேண்டாம் என்று ஒட்டியிருக்கும் கதவை, நிதி திரட்டுவோருக்கான நடத்தை விதிகளின்படி, தட்டக் கூடாது. உறையை வாசலில் பிரிக்கக் கூடாது. ஆலயத்துக்குக் கொண்டுவந்த பிறகு இரண்டு பேர் சேர்ந்துதான் பிரித்து எண்ண வேண்டும். தொண்டருக்கே இது பாதுகாப்பு. பிறகு யாரும் யாரையும் சந்தேகப்பட இடமில்லை.

உண்மையான கஷ்டம் ஆள் பலம். என் அனுபவத்தில் ஒரு மாலையில் ஒரு ஜோடி நாற்பது கதவுக்குமேல் போக முடியாது. அதில் ஏறக்குறைய பாதி வீட்டில் ஆள் இருக்காது, இன்னொரு நாள் போக வேண்டும். அடுக்குமாடிக் கட்டடங்களில் வாசலையே தாண்ட முடிவதில்லை. கீழே நின்று பொத்தானை அழுத்தி, முகம் தெரியாத ஒரு குரலிடம் கதையை முழுதாகச் சொல்வது நடக்கிற காரியமில்லை. இந்தக் கட்டடங்களை நோட்டிலிருந்து அடித்துவிடலாம் என்பது என் கருத்து. அங்கே வேறு வழி வேண்டும்.

இன்னொரு கஷ்டத்தை நம்மவர்களிடம் மட்டும் சொல்ல வேண்டும். முதல் வருடம் நான் போனபோது வாய் உலர்ந்துவிட்டது. ஊரில் திறந்து கிடக்கிற வாசலில் நின்று "அக்கா, இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்து உள்ளே போய்ப் பழகியவள் நான். இங்கே மூடிய கதவு. மங்கலான கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிழல் அசையும். நம் நிறத்தையும் உச்சரிப்பையும் பார்த்து என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். இந்தக் கூச்சத்தால்தான் எங்கள் சபையின் தமிழ்க் குடும்பங்கள் பல வருடங்களாக உறை வேலைக்குக் கை தூக்கவில்லை. சமையல் என்றால் முதலில் நிற்போம். நான் போன தெருவில் ஒருவர்கூட முகத்தில் அடித்தாற்போலப் பேசவில்லை. வேண்டாம் என்றவர்களும் நன்றி சொல்லித்தான் கதவை மூடினார்கள். எல்லாத் தெருவும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல வரவில்லை. அதனால்தான் தனியாக யாரையும் அனுப்பக் கூடாது, இரண்டு பேராகவே போக வேண்டும் என்கிறேன்.

இவ்வளவு சிரமத்துக்குப் பிறகும் இந்த வழியை நான் ஏன் விடச் சொல்லவில்லை? அந்த உறைகளில் வந்த பணத்தில் பெரும்பகுதி ஆலயத்துக்குள் கால் வைக்காதவர்கள் கொடுத்தது. இந்து வீடுகள், முஸ்லிம் வீடுகள், எதையும் நம்பாதவர்கள். மனைவியை இழந்த ஒரு முதியவர் உறையை ஒட்டி, வாசல் அலமாரியில் தயாராக வைத்திருந்தார். "இந்த வருடம் நீங்களா? போன வருடம் உயரமான ஒரு அம்மா வந்தார்களே" என்று விசாரித்தார். அந்த உயரமான அம்மாதான் நோட்டை மேஜைமேல் வைத்தவர். எந்த இணைப்பை அனுப்பி அந்த முதியவரைப் பிடிப்பது? நாங்கள் அவர் தெருவை விட்டுவிட்டால் அவர் வேறு வழியில் கொடுக்கப் போவதில்லை. கொடுக்கக் காத்திருந்து, உறையை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்.

பிடியரிசி என்றால் இதுதான். அரிசி கொடுக்க ஆள் இருந்தும், பானையை வாங்க ஆள் போகாமல் இருப்பதுதான் எங்கள் குறை.

நாணயமும் திரும்ப வரும் வரியும்

உறை வழியில் பொருளாளர்கள் முணுமுணுப்பதற்குக் காரணம் சில்லறை. வங்கிப் பைகளில் 1 பவுண்டு நாணயம் என்றால் 20 பவுண்டுக்கு ஒரு பை, 50 பென்ஸ் 10 பவுண்டுக்கு, 10 பென்ஸ் 5 பவுண்டுக்கு, செம்பு நாணயம் 1 பவுண்டுக்கு என்று பிரித்துக் கட்ட வேண்டும். வங்கிக் கிளைகள் ஒவ்வொன்றாக மூடுகிற காலத்தில் அதைத் தூக்கிக்கொண்டு அலைவது சின்ன வேலை இல்லை. இந்த முணுமுணுப்பு நியாயமானது. எண்ணுவதற்கு ஒரு மாலையையும் நான்கு பேரையும் ஒதுக்காமல் உறைகளை வாங்கிக் குவிப்பது பொருளாளருக்குச் செய்கிற அநியாயம்.

அதே உறையின் பின்பக்கத்தில் இருக்கும் சிறு கட்டத்தை மட்டும் யாரும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கிஃப்ட் எய்ட் என்பது, கொடுப்பவர் ஏற்கெனவே கட்டிய வருமான வரியிலிருந்து ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸைத் தொண்டு அமைப்பு அரசிடமிருந்து திரும்பப் பெறும் ஏற்பாடு. உறையில் 10 பவுண்டு இருந்து, பெயர், வீட்டு முகவரி, அஞ்சல் குறியீடு எழுதி அந்தக் கட்டத்தில் குறியிட்டிருந்தால், கிறிஸ்டியன் எய்டுக்குப் போவது 12.50. கொடுப்பவருக்கு ஒரு பென்ஸ்கூடக் கூடுதல் செலவில்லை. ஆனால் வரி கட்டாதவர் குறியிடக் கூடாது. திரும்பப் பெற்ற தொகைக்கு அவர் கட்டிய வரி போதாவிட்டால் வித்தியாசத்தை அவரிடமே கேட்பார்கள். ஓய்வூதியத்தில் மட்டும் வாழும் பெரியவர்களிடம் "இதிலும் ஒரு டிக் போடுங்கள்" என்று ஆர்வக் கோளாறில் சொல்லிவிடக் கூடாது.

இந்த 25 பென்ஸ் மற்ற வழிகளையும் தரம் பிரிக்க உதவுகிறது. காலை உணவுக்குச் சீட்டு விற்றால் அது விலை, நன்கொடை ஆகாது. கிஃப்ட் எய்ட் கிடையாது. அதிர்ஷ்டச் சீட்டும் அப்படியே. நடப்பவரை ஆதரித்துக் கொடுப்பது நன்கொடை, விவரங்களை ஒழுங்காக எழுதியிருந்தால் கிடைக்கும்.

உறையைப் போட்டுவிட்டுத் திரும்பாமல் விடுவது

ஆள் குறைவு என்பதால் சில சபைகள் உறையைத் துளையில் போடுவதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆலயத்தில் கொண்டுவந்து கொடுங்கள், அல்லது தாளில் இருக்கும் க்யூஆர் குறியீட்டைப் போனில் பிடித்துக் கட்டுங்கள் என்று எழுதிவிடுவார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. நடக்கிற உழைப்பில் பாதியைச் செய்துவிட்டுப் பலனின் பெரும்பகுதியைக் கீழே போடுகிற வழி. பீட்சாக் கடை விளம்பரத்தோடு சேர்ந்து அந்த உறையும் குப்பைக்குப் போகும். நானூறு வீட்டுக்குப் போட்டுவிட்டு வருவதைவிட எண்பது வீட்டுக்குத் திரும்பிப் போவது மேல்.

மணியடிக்க முடியாத அடுக்குமாடிகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். அங்கே குடியிருக்கும் சபையார் யாராவது இருந்தால் அவர் கையால் கொடுக்கச் சொல்வது இன்னும் நல்லது.

மின்னுறை

2020-ல் ஊரடங்கு வந்து, கதவு தட்டுவதே நின்றுபோனபோது எல்லாச் சபைகளும் இணையத்துக்குத் தாவின. சபைக்கென்று ஒரு பக்கம் தொடங்கி அதன் இணைப்பை வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்புவது. சில்லறை எண்ண வேண்டாம், மழைக்குப் பயப்பட வேண்டாம், கிஃப்ட் எய்ட் விவரத்தையும் கொடுப்பவரே நிரப்பிவிடுகிறார். வேலைக்குப் போகும் இளம் குடும்பங்கள் பணத்தாளையே கண்ணில் பார்க்காமல் மாதக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு இதைவிட ஏற்ற வழியில்லை.

ஆனால் இணைப்பு நமக்குத் தெரிந்தவர்களுக்குத்தான் போகும். நம் குழுவில் இருப்பவர்கள் நாம் ஏற்கெனவே கேட்கிறவர்கள். ஏலத்தில் நிற்கும் அதே முகங்கள். இதைத் தனி வழியாக நிறுத்தாமல் மற்ற வழிகளுக்குத் துணையாக வைத்தால் போதும். கதவில் நிற்கும்போது "கையில் காசில்லையே" என்பவருக்கு க்யூஆர் குறியீட்டைக் காட்டலாம். ஊர்விட்டுப் போன பழைய சபையாருக்கு இணைப்பு அனுப்பலாம். அனுப்புகிறவர் "இந்த வருடம் நான் ஏன் கொடுக்கிறேன்" என்று இரண்டு வரி சொந்தமாக எழுதினால் பலன் தெரியும். வெறும் இணைப்பை யாரும் திறப்பதில்லை.

காலை உணவு

கிறிஸ்டியன் எய்டே பெரிய காலை உணவு என்ற பெயரில் இதைச் சபைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறது. வாரத்தின் சனிக்கிழமை காலையில் மண்டபத்தைத் திறந்து, வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டு, நன்கொடை பெறுவது. எங்களில் அதிகம் பேர் விரும்புவது இதைத்தான். நானும் விரும்புகிறேன். அசனம் போட்டு வளர்ந்த ஊர்க்காரிக்கு, ஒரே பந்தியில் பலர் உட்கார்ந்து சாப்பிடுவதைவிடச் சபை என்று தோன்றுவது வேறொன்றுமில்லை.

இரண்டு விஷயங்களை மட்டும் முதலிலேயே பேசித் தீர்க்க வேண்டும். யார் சமைப்பது என்பது ஒன்று. எங்கள் சபையில் இட்லிக்கு மாவாட்டும் வேலையும் விடியுமுன் அடுப்பேற்றும் வேலையும் அதே நான்கு பெண்கள் தலையில்தான் விழும். அவர்கள் வாய் திறந்து மறுக்க மாட்டார்கள். மறுக்க மாட்டார்கள் என்பதற்காகவே கவுன்சில் கேட்காமல் விடக் கூடாது. ஆண்கள் கழுவுவதற்கு மட்டும் வருவதாக இருந்தால் இந்த வழிக்கு நான் வாக்களிக்க மாட்டேன். எப்போதோ ஒருமுறை நடக்கும் சபை விருந்துக்கு உணவுத் தொழிலாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை, சான்றிதழும் தேவையில்லை. ஆனால் ஒவ்வாமை விஷயத்தில் அலட்சியம் கூடாது. இந்த நாட்டு உணவு விதிகள் 14 ஒவ்வாமைப் பொருட்களைக் குறிப்பிடுகின்றன. நிலக்கடலை, எள், கடுகு மூன்றும் அதில் உண்டு. நம் சட்னியிலும் பொடியிலும் தாளிப்பிலும் இவை இல்லாமல் இருக்குமா? ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, யார் சாப்பிட வருகிறார்கள் என்பது. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு மண்டபத்தில் வைத்தால் சபையார்தான் வருவார்கள். அது நாமே நமக்கு விற்றுக்கொள்வது. சனிக்கிழமை வைத்து, தெருவைப் பார்க்கும் கதவைத் திறந்துவிட்டு, உறை கொண்டுபோகும்போதே அந்த வீடுகளுக்கு அழைப்பும் கொடுத்தால் புதிய முகங்கள் வரும். சீட்டு விற்காமல், சாப்பாட்டை இலவசமாகப் போட்டு, மேஜையில் உறை வைக்கலாம். மனமுவந்து போடுவது நன்கொடை ஆவதால் கிஃப்ட் எய்டும் கிடைக்கும். சாப்பிட மட்டும் வந்து ஒன்றும் போடாமல் போகிறவர்கள் இருப்பார்கள் என்று பொருளாளர் கவலைப்பட்டார். இருக்கட்டும். பசியுள்ளவர்களுக்காகத் திரட்டுகிற நாளில் பசியோடு ஒருவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

நடை

மே மாதம் முழுவதுமாக 70 கிலோமீட்டர் நடக்கும் சவாலைக் கிறிஸ்டியன் எய்ட் சமீப ஆண்டுகளில் வைத்திருக்கிறது. ஒரு நாளுக்கு இரண்டேகால் கிலோமீட்டர்தான், பெரியவர்களும் செய்யலாம். லண்டனில் இருப்பவர்களுக்குப் பழைய நகரப் பகுதியின் ஆலயங்களைச் சுற்றி நடக்கும் நடையும் உண்டு.

இளைஞர்கள் இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர்களுடைய வட்டம் சபைக்கு வெளியே: வகுப்புத் தோழர்கள், அலுவலகத்தார், விளையாட்டுக் குழு. எட்டுப் பேர் நடந்து ஆளுக்குப் பத்துப் பேரிடம் கேட்டால், நாங்கள் இதுவரை மடியில் கை விடாத எண்பது பேர். கதவு தட்டுவதற்கு அடுத்தபடியாகப் புதிய கைகளை எட்டுவது இந்த வழிதான். பெரியவர்கள் இதை விளையாட்டாக எண்ணித் தள்ளிவிடக் கூடாது.

ஒரு யோசனை சேர்க்கிறேன். இயேசு விண்ணேறியதை நினைக்கும் பரமேறுதல் திருநாளுக்கு முந்தைய நாட்களில் பங்கின், அதாவது ஓர் ஆலயத்துக்குரிய ஊர்ப்பகுதியின், எல்லையைச் சுற்றி ஜெபத்தோடு நடக்கும் பழக்கம் ஆங்கிலேயத் திருச்சபையில் பல நூற்றாண்டுகளாக உண்டு. விளைச்சலுக்காக ஜெபிக்கும் நாட்கள் அவை. பெரும்பாலும் இந்த வாரத்தை ஒட்டியே வரும். எங்கள் பங்கின் எல்லையை ஒரு மதியத்தில் சுற்றிவிடலாம். மழை பொய்த்த நாட்டு விவசாயிகளுக்காகப் பணம் திரட்டுகிற வாரத்தில் விளைச்சலுக்கான ஜெபத்தோடு நடப்பது, வெறும் கிலோமீட்டர் கணக்கைவிடப் பொருத்தமாக இருக்கும்.

புத்தகம், உண்டியல், காணிக்கை

பழைய புத்தக விற்பனைக்கு எடின்பரோவில் ஜார்ஜ் தெரு ஆலயம் 1973-ல் தொடங்கிய விற்பனையை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அதற்குப் பின்னால் பல பத்தாண்டு உழைப்பும், வருடம் முழுவதும் புத்தகம் சேர்த்துப் பிரிக்கும் தொண்டர்களும் உண்டு. எங்களிடம் அடுக்கி வைக்க ஓர் அறைகூட இல்லை. இந்த வருடத்துக்கு வேண்டாம்.

கடைத்தெருவில் உண்டியலோடு நிற்பதற்கு வீட்டு வசூல் விலக்கு செல்லாது. உள்ளாட்சியின் அனுமதி தனியாக வேண்டும். நல்ல சனிக்கிழமைகளை மற்ற அமைப்புகள் முன்கூட்டியே வாங்கியிருக்கும். சூப்பர்மார்க்கெட் வாசல் என்றால் கடைக்காரரைக் கேட்க வேண்டும். ஜனவரியில் யோசிப்பவர்களுக்கு இது அடுத்த வருடத்து வேலை.

ஞாயிற்றுக் காணிக்கை எளிது, உறுதியானது. அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தினால் கிறிஸ்டியன் எய்ட் வாரம் ஆலயச் சுவருக்குள் பிறந்து உள்ளேயே முடிந்துவிடும். இன்னொன்று: அன்றைய பையில் கிறிஸ்டியன் எய்டுக்கென்று அறிவித்து வாங்கிய பணம் சபையின் பணம் அல்ல. கூரை ஒழுகினாலும் அதில் ஒரு பென்ஸ் எடுக்கக் கூடாது.

"நம் ஊருக்கே அனுப்பலாமே"

தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி வரும், வந்தது. "ஊரில் சபைப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, நாம் ஏன் புருண்டிக்குக் கொடுக்கணும்?" என்று என்னைவிட மூத்த ஓர் அண்ணன் நேராகவே கேட்டார். அவர் ஊருக்கு எவ்வளவு அனுப்புகிறார் என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு பவுண்டைக் குறைக்கும்படி நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் 2004 டிசம்பர் 26-ஐ நாம் மறந்துவிடக் கூடாது. கடலூரிலிருந்து குளச்சல் வரை, யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்பு வரை நம் கரைகளில் அலை ஏறிய அந்த நாளுக்குப் பிறகு, பிரிட்டனின் தொண்டு அமைப்புகள் ஒன்றுசேர்ந்து விடுத்த வேண்டுகோளுக்கு 392 மில்லியன் பவுண்டு சேர்ந்தது. அதில் கிறிஸ்டியன் எய்டும் ஓர் அங்கம். கொடுத்தவர்களில் நாகப்பட்டினத்தை வரைபடத்தில் காட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்கள் நம் பெயர் கேட்டுக் கொடுக்கவில்லை. இதைத்தான் அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்தத் தெரும்மா?" என்றார்.

கவுன்சிலுக்கு நான் வைக்கும் முடிவு

பழைய நோட்டில் இருக்கும் எல்லாத் தெருக்களுக்கும் இனிப் போக முடியாது. போக முடியாததை நடிக்க வேண்டாம். உறை வாங்கப் பழகிய வீடுகள் அதிகமுள்ள ஆறு தெருக்களை மட்டும் வைத்துக்கொள்வோம். அந்த மூதாட்டி நோட்டின் ஓரத்தில் எந்த வீட்டில் முதியவர், எந்த வீட்டில் நாய், எந்த மணி வேலை செய்யாது என்றுகூட எழுதிவைத்திருக்கிறார். தெருவுக்கு ஒரு ஜோடி, இரண்டு மாலை. பக்கத்து மெதடிஸ்ட் சபையிடமும் கேட்க வேண்டும். கிறிஸ்டியன் எய்ட் எல்லாச் சபைகளுக்கும் பொதுவானது. அவர்கள் மூன்று ஜோடி தந்தால் ஆறு ஒன்பதாகும்.

சனிக்கிழமை காலை உணவு உண்டு. ஆனால் சமையலுக்கு ஆறு பேராவது பெயர் கொடுத்த பிறகுதான், அதில் பாதி ஆண்கள். பெயர் சேராவிட்டால் இட்லி வேண்டாம், ரொட்டியும் தேநீரும் போதும். நடையை இளைஞர்களிடமே விட்டுவிடுவோம். பெரியவர்கள் ஆதரவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். பாதை சொல்லித் தர வேண்டாம். வாரத்தின் முதல் ஞாயிறு காணிக்கை. மின்னுறை எல்லாவற்றோடும் துணைக்கு.

இவற்றில் ஒன்றை விட வேண்டி வந்தால் காலை உணவை விடலாம் என்பது என் கருத்து. எல்லோருக்கும் பிடித்ததை விடச் சொல்கிறேன் என்று தெரியும். ஆனால் கதவுகளை ஒரு வருடம் விட்டால் அடுத்த வருடம் அந்த வீடுகளுக்கு நாம் அந்நியர்கள். விருந்தை ஒரு வருடம் விட்டால் மறு வருடம் இரண்டு மடங்கு கூட்டம் வரும்.

நோட்டை இப்போது நான்தான் வைத்திருக்கிறேன். முதியவர் இருக்கும் தெருவுக்கு என் பெயரையும், அதற்கு அடுத்த தெருவுக்கு அண்ணன் பெயரையும் எழுதியாயிற்று. இரண்டு பேருக்குமே ஜோடி வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் தெருவுக்கு இன்னும் யாருமில்லை.